"எண்டு" என்ற ஒரு சொல்லை வெட்டினார்கள்

சல்லி என்ற மீனவக் கிராமத்துக் கரையில் சிவபாக்கியத்தின் வாய்க்குப் பயப்படாத ஆண்கள் குறைவு. ஐம்பத்திரண்டு வயது, மெலிந்த கறுத்த உடம்பு. கரையின் இந்த முனையில் நின்று அவள் பேசினால் அந்த முனையில் கிழிந்த வலை பொத்துகிறவன் தலையை நிமிர்த்துவான். புருஷன் இராசநாயகம் அதற்கு நேர்மாறு. கடலுக்குப் போவார், வருவார், எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வசனம் வாங்குவது கஷ்டம்.

சிவபாக்கியம் கருவாடு போடுகிறவள். பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்திருந்தாள், அதற்கு அவள்தான் செயலாளர். பத்தாம் வகுப்புவரை படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். சூடை மீனும் கீரி மீனும் காயவைத்துக் கட்டினால் அதில் பாதி விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் முஸ்லிம் ஊரான கிண்ணியாவில் நஜ்முன் நிஸாவின் கடைக்குப் போகும். பதினான்கு வருடப் பழக்கம். நோன்புப் பெருநாளைக்கு நிஸா வட்டிலப்பம் கொடுத்தனுப்புவாள். தைப்பொங்கலுக்கு இங்கிருந்து பொங்கல் போகும்.

அந்தக் கரையில் வெடி போட்டு மீன் பிடிப்பது புதிதல்ல. போத்தலுக்குள் மருந்தை அடைத்து, திரி கொளுத்தி, மீன் கூட்டத்தின் நடுவில் எறிவார்கள். பெரியது, சின்னது, குஞ்சு, முட்டை, அடியில் இருக்கிற பவளப் பார் எல்லாம் ஒரே அடியில் சாகும். மிதப்பதை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், தாழ்வது தாழ்ந்து அழுகும். வெடி போட்ட இடத்தில் பிறகு வலை வைத்தால் வெறும் தண்ணீர்தான் வரும். சிவபாக்கியம் ஏழு வருடத்தில் பதினொரு கடிதம் எழுதினாள். எந்தக் கந்தோர், எந்த அதிகாரி என்று பார்க்காமல் எழுதினாள். ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது. "தங்கள் கடிதம் கிடைத்தது" என்பதுதான் பதில்.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணியிருக்கும். அவள் கருவாடு காயும் பரணில் கிடந்த சூடையைப் புரட்டிக்கொண்டு நின்றாள். கடலுக்குள் வெடித்தால் சத்தம் காதுக்கு வருமுன் காலுக்கு வந்துவிடும். உள்ளங்காலில் ஒரு குத்து, பிறகு "டொம்" என்று ஓர் அமுங்கிய ஒலி. பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வழக்கமானதுதானே என்று திரும்பவும் குனிந்தார்கள்.

அரைமணி நேரத்தில் ஒரு வள்ளம் வேகமாகக் கரைக்கு வந்தது. உள்ளே அவளுடைய தம்பியின் மகன் விதுசன் கிடந்தான். இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒரு வருடம். சங்கு எடுக்க மூழ்கியிருந்தவன். இரண்டு காதாலும் இரத்தம் வழிந்து கழுத்தில் காய்ந்திருந்தது.

"என்ன சொல்லுறீங்கள்? மாமி, என்ன சொல்லுறீங்கள்?" என்று அவன் கத்திக்கொண்டே இருந்தான். யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் தங்களுக்குள் பேசும்போது உதடு அசைகிறதைப் பார்த்துவிட்டுத்தான் கத்தினான்.

செவிப்பறை இரண்டும் கிழிந்துவிட்டது, இடது காது கொஞ்சம் திரும்பலாம், வலது காதுக்கு நம்பிக்கை இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விதுசனின் மனைவி ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி. அவள் வாசலில் நின்று அழுததைப் பார்த்துவிட்டு சிவபாக்கியம் பஸ் ஏறிக் கரைக்கு வந்தாள்.

பின்னேரம் தவநீதன் முதலாளியின் வள்ளம் வந்தது. தவநீதன் வேற்றூரான் அல்ல, அதே கரை, அதே கோயில். திருவிழாவில் ஒரு நாள் பூசை அவன் பேரில்தான் நடக்கும். அவனுடைய வள்ளத்திலிருந்து பாரை மீன்களை இறக்கினார்கள். சிவபாக்கியம் கூட்டத்தை விலக்கிப் போய் ஒன்றைத் தூக்கினாள். நல்ல மீன் என்றால் கையில் விறைத்து நிற்கும். இது நனைந்த துணிபோல இரண்டு பக்கமும் தொங்கியது. முள் உள்ளுக்குள் நொறுங்கியிருந்தது, கண் சிவந்து பிதுங்கியிருந்தது.

அவள் தன் போனை மகள் தேனுகாவிடம் கொடுத்து, "பிடி, நிப்பாட்டாத" என்றாள். நான்கு நிமிடம் பேசினாள். பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், மீனை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"கிண்ணியாச் சனம்தான் வெடி மீன் கொண்டு வருது, அவையள்தான் கடலைக் கெடுக்கினம் எண்டு எங்கட ஆக்கள் சிலர் கதை கட்டிக்கொண்டு திரியினம். பச்சைப் பொய். வெடி போடுறது எங்கட கரையில நிக்கிற வள்ளம். தவநீதன் முதலாளின்ர வள்ளம். இந்தா மீன், பாருங்கோ. என்ர தம்பின்ர பொடியன் ஆஸ்பத்திரியில காது கேக்காமல் கிடக்கிறான். ஆர் என்ன செய்யப்போறீங்கள்?"

எல்லாருடைய போனிலும் இருக்கிற ஒரு செயலியில் அதைப் போட்டாள். நிஸாவுக்கும் இன்னும் சிலருக்கும் வட்சப்பில் தனியாக அனுப்பினாள். பொழுதுபடுவதற்குள் இரண்டாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் எழுதினார்கள்.

விடிந்தபோது காணொளி இல்லை.

அதற்குப் பதிலாக ஓர் அறிவிப்பு இருந்தது. தேனுகா வாசித்தாள். "உங்கள் பதிவு வெடிபொருட்களை ஊக்குவிப்பதால் எங்கள் சமூகத் தரநிலைகளின்படி அகற்றப்பட்டது."

"ஊக்குவிக்கிறதோ? நானோ?"

"அம்மா, இதை மனிசர் பாத்திருக்க மாட்டினம். மெசின்தான். வெடி, வெடி எண்டு ஏழெட்டுத் தரம் சொல்லியிருக்கிறீங்கள், பிடிச்சிட்டுது."

மறுபரிசீலனை கேட்கும் பொத்தானை அழுத்தினார்கள். மூன்று நிமிடத்தில் பதில் வந்தது. முடிவில் மாற்றம் இல்லை.

"நாலு நிமிசப் படத்தை மூண்டு நிமிசத்தில ஆரடி பாத்தது?" என்று சிவபாக்கியம் கேட்டாள். நகரத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்யும் பெண் தேனுகா. பதிவை அகற்றிவிட்டார்கள் என்று போனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறாள். "வெடி எண்டு சொல்லாமல் 'வெ-டி' எண்டு பிரிச்சு எழுதலாம், இல்லாட்டி பட்டாசு எண்டு சொல்லலாம். எல்லாரும் இப்ப அப்பிடித்தான் செய்யினம்" என்றாள்.

"அவன் கடலுக்க எறிஞ்சது பட்டாசோ? உள்ளதைச் சொல்ல நான் ஏன் வேசம் போடவேணும்?"

அவள் வேசம் போடவில்லை. அதே காணொளியைத் திரும்பவும் ஏற்றினாள். அது நாற்பது நிமிடத்தில் போனது. அத்தோடு முப்பது நாளைக்கு எதுவும் எழுத முடியாதபடி அவளுடைய கணக்கையும் பூட்டினார்கள்.

மூன்றாம் நாள் காலை நிஸா போன் எடுத்தாள். வழக்கமாக "அக்கா, சொகமா இரிக்கிறீங்களா" என்று தொடங்குகிறவள், அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

"என்னக்கா இப்பிடிச் சொல்லிப்போட்டீங்க?"

"என்ன சொன்னனான்?"

"கிண்ணியாச் சனம்தான் கடலைக் கெடுக்கிறண்டு. எல்லார்ர போன்லயும் ஓடுது. மார்க்கட்ல ஒங்கட ஊர் ஆள் ஒருத்தர்ர மீன் பெட்டியப் பொடியனுகள் கவுத்துப்போட்டானுகள். நான் என்னத்தச் சொல்லி நிப்பாட்டுற?"

தேனுகா தேடி எடுத்துக் காட்டினாள். பேரில்லாத ஒரு பக்கம், முகமில்லாத ஒரு படம். பதின்மூன்று விநாடிக் காணொளி. சிவபாக்கியத்தின் முகம், சிவபாக்கியத்தின் குரல். "கிண்ணியாச் சனம்தான் வெடி மீன் கொண்டு வருது, அவையள்தான் கடலைக் கெடுக்கினம்." அதோடு நிற்கிறது. "எண்டு", அதாவது "என்று" என்ற சொல்லுக்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டியிருந்தார்கள். நம்முடைய பேச்சில் மற்றவன் சொன்னதை முதலில் சொல்லுவோம், அது அவன் சொன்னது என்பது கடைசியில்தான் வரும். அந்தக் கடைசிச் சொல்லை வெட்டிவிட்டால், மறுக்கிறவளே சொன்னவள் ஆகிவிடுவாள். வெட்டினவனுக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்திருந்தது.

"நிஸா, முழுசையும் உனக்கு அண்டைக்கே அனுப்பினனான். நீ பாக்கேல்லையோ?"

"கடையில சனம். தொறந்து பாக்கல்ல" என்றாள் நிஸா. போனை வைத்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுத்தாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "என்ன மன்னிச்சிருங்கக்கா. எந்த ஹறாங்குட்டி இதச் செஞ்சான்?"

பதின்மூன்று விநாடிக் காணொளியைப் பற்றி சிவபாக்கியம் முறையிட்டாள். தேனுகா முறையிட்டாள், நிஸா முறையிட்டாள், சங்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரும் முறையிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் வந்தது. "நாங்கள் பரிசீலித்தோம். இந்தப் பதிவு எங்கள் தரநிலைகளை மீறவில்லை." அதன் கீழே ஆட்கள் எழுதியவற்றை தேனுகா அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் எழுதியிருந்தார்கள். அவளைப் புலி என்றார்கள், வேசை என்றார்கள், வீட்டோடு கொளுத்த வேண்டும் என்றார்கள். ஒன்றுகூடத் தரநிலையை மீறவில்லை.

சிவபாக்கியம் பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்தாள். எழுதிக்கொண்டார்கள், முறைப்பாட்டு இலக்கம் போட்ட துண்டு கொடுத்தார்கள். அடுத்த நாள் நீதிமன்றத்திலிருந்து ஒருவர் கடிதத்தோடு வந்தபோது, தன் முறைப்பாட்டுக்குத்தான் ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து அவருக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள்.

கடிதம் அவளுக்கு எதிரானது. தவநீதன் முதலாளி நீதவான் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தான். தன்னைப் பற்றிப் பொய்யான கூற்றை இணையத்தில் பரப்பியிருக்கிறாள், இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் அகற்ற வேண்டும், அகற்றாவிட்டால் குறித்த திகதியில் வந்து காரணம் காட்ட வேண்டும்.

அதைத் தூக்கிக்கொண்டு நகரத்தில் சட்டத்தரணி பிரகலாதனிடம் போனாள். முப்பத்தைந்து வயது இருக்கும், பொறுமையான ஆள். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அம்மா. இந்த வருசம்தான் வந்தது. இணையத்தில பொய் சொல்லி ஒருவரைப் பாதிச்சால் அவர் நேரா நீதவானிட்டப் போகலாம். மற்றப் பக்கத்தைக் கேக்க முதலே ஒரு நிபந்தனைக் கட்டளை எடுக்கலாம். பிறகு நாங்கள் போய் அது பொய் இல்லை எண்டு காட்டவேணும்."

"பொம்பிளையளைப் பாதுகாக்கத்தான் இந்தச் சட்டம் எண்டு ரேடியோவில சொன்னவை."

"ஓம், அப்பிடியும் சொன்னவை."

"அகற்றச் சொல்லிக் கிடக்கு. அதைத்தான் அவங்கள் எப்பவோ அகற்றிப்போட்டாங்களே. இல்லாததை நான் எப்பிடித் தம்பி அகற்றுறது?"

பிரகலாதனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

"சரி தம்பி, இதே சட்டத்தால அந்தத் துண்டுப் படம் போட்டவனுக்கு நான் கட்டளை எடுக்கிறன். எழுதுங்கோ."

"ஆருக்கு எதிரா எண்டு எழுதுறது? பேரில்லை, விலாசமில்லை. ஆளை அடையாளம் காட்டச் சொல்லி அந்தக் கொம்பனியைக் கேக்கலாம். அது வேற நாட்டில கிடக்கு. பதில் வரும், எப்ப எண்டு சொல்ல ஏலாது."

சிவபாக்கியம் எழுந்தாள். "அப்ப முகத்தைக் காட்டிப் பேர் சொல்லிக் கதைச்சவளைத்தான் இந்தச் சட்டம் பிடிக்கும். ஒளிச்சிருந்து வெட்டினவனைப் பிடிக்காது."

"நான் அப்பிடிச் சொல்ல மாட்டன்."

"நீங்கள் சொல்ல வேண்டாம். நான் சொல்லுறன்."

அந்தக் கிழமையே ஞாயிற்றுக்கிழமை பகல் பொலிஸ் வந்தது. இரண்டு வாகனம், ஒன்பது பேர். கருவாடு போடுகிற ஒரு மனுஷிக்கு ஒன்பது பேர். முழங்கைவரை உப்போடு பரணருகே நின்றவளை அப்படியே ஏற்றினார்கள். கை கழுவக்கூட விடவில்லை என்பதைத்தான் அவள் பிறகு எல்லாரிடமும் முதலில் சொல்லுவாள்.

பொறுப்பதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க றிஸ்வி என்ற கான்ஸ்டபிள் நின்றான். மேசையில் ஒரு போனை வைத்துப் பதின்மூன்று விநாடியை ஓடவிட்டார்கள்.

"இது ஒங்கட குரலாண்டு கேக்கிறார்."

"குரல் என்ர. கதை என்ர இல்லை."

றிஸ்வி அதை எப்படிச் சிங்களத்தில் சொல்வது என்று ஒரு கணம் தடுமாறினான். பிறகு நீளமாக ஏதோ விளக்கினான். முழுக் காணொளி வேறு மாதிரி இருக்கிறது, தானும் பார்த்திருக்கிறேன் என்று அவன் சொன்னதாகப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அதிகாரி கையை அசைத்தார். அதையெல்லாம் நீதிமன்றத்தில் சொல்லட்டும். இரண்டு இனத்துக்கு நடுவில் பகையைத் தூண்டியது என்று மேலிடத்துக்கு முறைப்பாடு போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அவள் இடுப்பில் செருகியிருந்த முறைப்பாட்டுத் துண்டை எடுத்துக் காட்டினாள். "இதே படத்தைப் பற்றி நான் முதலே இஞ்ச வந்து சொன்னனான். செய்தவனைப் பிடியுங்கோ எண்டு." துண்டை வாங்கிப் பார்த்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாததில நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

ஒன்றரை மணித்தியாலம் அவளோடு பேசிப் பார்த்தார்கள். கடைசியில் பேனையை வாங்கினாள். முத்தான எழுத்தில், "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது" என்று எழுதி, அதன் கீழே கையெழுத்து வைத்தாள். அதிகாரி அதை மொழிபெயர்க்கச் சொன்னபோது றிஸ்வி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தான். போனைச் சான்றுப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள்.

அவள் மேல் போட்டது வேறொரு சட்டம். குடியியல் அரசியல் உரிமைகளைக் காப்பதற்கென்று வந்த சட்டம் அது. அதில் நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம், அதுவும் விசேட காரணம் இருந்தால். விசாரணைக் கைதியாக விளக்கமறியலுக்கு அனுப்பினார்கள்.

உள்ளே போதைத்தூள் கேசில் வந்த ஒரு பெண் கேட்டாள். "நீங்கள் என்னத்துக்கு அக்கா வந்தனீங்கள்?"

"கதைச்சதுக்கு."

"ஆர் மேல கைவைச்சுக்கொண்டு கதைச்சனீங்கள்?"

சிவபாக்கியம் முதல்முறையாக அங்கேதான் சிரித்தாள். அதற்குப் பிறகு பல நாள் சிரிக்கவில்லை. கோபம் அவளை உருக்கியது. சோறு இறங்கவில்லை. தன் முகம் ஊரெல்லாம் அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டு திரிகிறது, தன் வாய் மட்டும் இங்கே பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சுவரோரம் நடந்தாள்.

வெளியே நிஸா சும்மா இருக்கவில்லை. முழுக் காணொளி அவளுடைய போனில் அப்படியே இருந்தது. கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டு, கிண்ணியா மார்க்கட்டில் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒவ்வொருவரையும் நிறுத்தி நான்கு நிமிடத்தையும் பார்க்க வைத்தாள். "எனக்கு நேரமில்ல புள்ள" என்றவர்களிடம், "பதின்மூணு செக்கன் பாக்க நேரமிருந்திச்சு, பெட்டியக் கவுக்க நேரமிருந்திச்சு, இதுக்கு இல்லையா?" என்று கேட்டாள். பெட்டியைக் கவிழ்த்த பொடியன்களின் வாப்பாமாரையும் விடவில்லை.

மீன் வியாபாரிகள் சங்கத்தில் ஸைனுலாப்தீன் என்று ஒருவர் இருந்தார். அதிகம் பேசாத, எடை தப்பாத மனிதர். அவர் முழுவதையும் பார்த்துவிட்டு இன்னும் ஒருமுறை போடச் சொன்னார். பிறகு பிரகலாதனின் அலுவலகத்துக்கு நிஸாவோடு போனார். கிண்ணியாவிலிருந்து பதினேழு பேர் சத்தியக்கடதாசி கொடுத்தார்கள். ஸைனுலாப்தீன் தன்னுடையதில் எழுதச் சொன்ன வசனத்தைச் சட்ட மொழிக்கு மாற்றாமல் அப்படியே போட்டேன் என்று பிரகலாதன் பிறகு சொன்னார். "எங்களை இழிவுபடுத்தியதாகச் சொல்லி இந்தப் பெண்ணை அடைத்து வைத்திருக்கிறார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. எங்களுக்காகப் பேசியவரையே எங்கள் பேரால் அடைப்பதுதான் எங்களுக்கு இழிவு."

பத்தொன்பதாம் நாள் மேல் நீதிமன்றத்தில் பிணை மனு எடுக்கப்பட்டது. அரச தரப்பில் கொடுத்த தாளில் அவளுடைய கூற்று என்று இரண்டு வரி இருந்தது. பிரகலாதன் நான்கு நிமிடக் காணொளியை மன்றில் போட அனுமதி கேட்டார். போட்டார்கள். "எண்டு எங்கட ஆக்கள் சிலர் கதை கட்டிக்கொண்டு திரியினம்" என்ற இடத்தில் நீதிபதி நிறுத்தச் சொன்னார். அந்த இடத்தை இன்னொருமுறை கேட்டார். பிறகு தாளைப் பார்த்தார். "இந்தச் சொல் இங்கே எங்கே?" என்று கேட்டார். மதியத்துக்குமுன் பிணை கிடைத்தது.

வாசலில் நிஸா நின்றாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "மெலிஞ்சு போனீங்கக்கா" என்றாள் நிஸா. "அவங்கள் நாசமாப் போக" என்றாள் சிவபாக்கியம்.

அதற்கடுத்த கிழமை தவநீதன் வீட்டுக்கு வந்தான். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பழப் பை. கதிரையில் இருந்துகொண்டு மெதுவாகத் தொடங்கினான்.

"அக்கா, நாங்கள் ஒரு கோயில் சனம். கேஸ், கோடு, கச்சேரி எண்டு அலைஞ்சு என்ன காணப்போறம்? தெரியாமல் சொல்லிப்போட்டன் எண்டு ரெண்டு வசனம் போட்டு விடுங்கோ. நான் மனுவைத் திருப்பி எடுக்கிறன். மற்றக் கேசும் கரைஞ்சு போகும், அதுக்கும் ஆள் இருக்கு."

சிவபாக்கியம் வாயைத் திறப்பதற்குள் குசினி வாசலில் நின்ற இராசநாயகம் முன்னால் வந்தார். அவர் பேசியதை வீட்டிலிருந்தவர்கள் நம்பாமல் பார்த்தார்கள்.

"அந்தப் பொடியன்ர காதைக் குடு. நாங்கள் கேசை விடுறம்."

தவநீதன் எழுந்து போனான். பழப் பையை தேனுகா படலைக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள்.

தவநீதன் போட்ட மனு எடுக்கப்பட்ட நாளில் அவன் வரவில்லை. அடுத்த திகதிக்கும் வரவில்லை. விதுசனின் வைத்திய அறிக்கையையும், அன்று மீன் இறக்கும்போது கரையில் நின்ற மூன்று பேரின் சாட்சியத்தையும் பிரகலாதன் தயாராக வைத்திருந்தது அவன் காதுக்குப் போயிருக்க வேண்டும். மனு தள்ளுபடியானது. பொலிஸ் போட்ட கேஸ் மட்டும் கரையவில்லை. கோப்பு ஆலோசனைக்காகக் கொழும்புக்குப் போயிருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு தவணைக்கும் அவள் வேலையை விட்டுப் போய் நின்றாள். ஒவ்வொரு தவணையிலும் கோப்பு கொழும்பில்தான் இருந்தது.

பதின்மூன்று விநாடிக் காணொளி இருந்த இடத்திலேயே இருந்தது. அதை வெட்டினவனை யாரும் தேடவில்லை. விதுசனின் இடது காது பாதி திரும்பியது. வலது காது திரும்பவில்லை. புரட்டாசியில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை அழுவது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் அவன் அறையின் நடுவில் நின்று திரும்பித் திரும்பிப் பார்ப்பதை சிவபாக்கியம் ஒருநாள் கண்டாள். அன்றைக்குக் கருவாட்டுப் பரணில் ஒரு கம்பை அடித்து முறித்தாள்.

மாசி முடிய வாடைக் காற்று அடங்கிக் கடல் தணிந்தது. போனைத் திருப்பி எடுக்க நீதிமன்றம் அனுமதி கொடுத்து ஒரு மாதமாகியிருந்தது. அவள் நான்காவது முறையாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். "அடுத்த கிழமை வாங்க" என்றான் மேசையில் இருந்தவன்.

"போன கிழமையும் அடுத்த கிழமை எண்டனீங்கள். இதுதான் அந்தக் கிழமை."

சுவரோரம் கிடந்த மர வாங்கில் இருந்துகொண்டாள். பத்து மணிக்கு இருந்தவள் இரண்டு மணிவரை எழும்பவில்லை. கடைசியில் றிஸ்விதான் உள்ளே போய், ஒரு பொலித்தீன் பையோடு வந்தான். கையெழுத்து வாங்கிக்கொண்டு, "சார்ஜ் ஏத்திப் பாருங்கம்மா" என்று தன் மேசைப் பக்கத்தில் இடமும் கொடுத்தான்.

போன் உயிர் பெற்றது. எட்டு மாதச் செய்திகள் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தன. அவற்றுக்குள் செயலியிலிருந்து வந்த ஒன்றும் இருந்தது. கார்த்திகை மாதத்துத் திகதி. "உங்கள் பதிவை மீண்டும் பார்த்தோம். அதை அகற்றியது தவறு. திரும்பச் சேர்த்துள்ளோம். உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்." கீழே ஐந்து நட்சத்திரங்கள் வரிசையாக இருந்தன. இந்த அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தது.

திறந்து பார்த்தாள். அவளுடைய நான்கு நிமிடம் அங்கே இருந்தது. திரும்பச் சேர்த்த பிறகு அறுபத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். பேரில்லாத அந்தப் பக்கத்தில் பதின்மூன்று விநாடித் துண்டைத் தொண்ணூற்று நான்காயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

"அசௌகரியம்" என்று அவள் உரக்கச் சொன்னாள். நிலையத்தில் நின்ற எல்லாரும் திரும்பினார்கள். "பத்தொன்பது நாள் மறியல். என்ர பேர், என்ர முகம், ரெண்டு ஊருக்கு நடுவில கொளுத்திவிட்ட நெருப்பு. இதுக்குப் பேர் அசௌகரியமாம்."

"அம்மா, மெதுவாக் கதைங்க" என்றான் றிஸ்வி.

"நான் மெதுவாக் கதைச்சு இவ்வளவு காலம் என்னத்தைக் கண்டது?" போனை இடுப்பில் செருகினாள். வெளியே போவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் முறைப்பாடு எழுதுகிற மேசைக்கு முன்னால் போய்க் கதிரையை இழுத்து இருந்தாள்.

"இண்டைக்குக் காலமை ஆறரைக்கு ஒரு வெடி. ஏழு மணிக்கு இன்னொண்டு. வள்ளத்தின்ர இலக்கம் சொல்லுறன்."

மேசையில் இருந்தவன் றிஸ்வியைப் பார்த்தான். றிஸ்வி புத்தகத்தைத் திறந்து அவன் முன்னால் தள்ளினான்.

"எழுதுங்கோ" என்றாள் சிவபாக்கியம்.